முப்பத்திரண்டு

2021 ஜூன் மாதம் ஒரு நாள் காலை, முத்தியால்பேட்டை முசேவைக் காரில் ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மே மாதம் முழுக்கக் கொரோனா. அதனால் ஜூன்.

எழுத்தர் அலமாரியைத் திறந்து துணிப்பை ஒன்றை எடுத்தார். வடமலையான் பருப்பு மூட்டை மாதிரி மேலே நூல் கட்டி, அட்டையில் பேரும் எண்ணும் எழுதியிருந்தது. பிரித்து, எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, தோட்டாக்களை மேசையில் நிற்க வைத்து எண்ணினார். பதினொன்று. முசே கையெழுத்துப் போட்டார். 87 வயதில் அவர் கை நடுங்குவது வழக்கம்தான், அன்றைக்கு நடுங்கவில்லை.

முசே என்பது அவர் பெயரில்லை. பிரெஞ்சு வாத்தியார். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் அம்மாவின் அப்பாவுக்கு அவர் சிநேகிதர். தாத்தா 2004இல் போய்விட்டார். மிச்சமிருந்தது முசேதான்.

காரில் ஏறியதும், "தம்பி, இதை நீ வாங்கிக்கிறியா?" என்றார். "எம் பொண்ணு பாரிஸ்ல இருக்கா. அவளுக்கு இது எதுக்கு? எனக்கப்புறம் ஸ்டேஷன்ல கெடந்து துருப்பிடிக்கும்."

நான் இருபது வயதிலிருந்து கணினித் திரையில் மட்டும் துப்பாக்கி சுட்டவன். வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

*

வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தபோதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கையளவு இரும்பு. நீலப் பூச்சு ஓரங்களில் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. ஸ்லைடின் பக்கவாட்டில் ஸ்பெயினின் எய்பார் ஊர் பெயர். கூடவே 7.65 என்ற எண்.

ரூபி என்று இந்த ரகத்துக்குப் பெயர். 1915இல் முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கிகள் போதவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருந்த கபிலோந்தோ என்ற பட்டறையிடம் ஆர்டர் கொடுத்தார்கள். கேட்ட எண்ணிக்கையை அவர்களால் தனியாகச் செய்து தர முடியவில்லை. பக்கத்துப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு அவற்றுக்குத் தெரியாத பட்டறைகளும் நேரடியாக பிரான்ஸோடு ஒப்பந்தம் போட்டன. கடைசியில் பல டஜன் பட்டறைகள் ஒரே துப்பாக்கியைச் செய்தன. ஒரே துப்பாக்கி என்று பேர்தான். ஒரு பட்டறையின் மேகசின் இன்னொரு பட்டறையின் துப்பாக்கியில் நுழையாது. அதனால் மேகசினிலும் சட்டத்திலும் பட்டறையின் குறியெழுத்துகளைப் பொறிக்கச் சொன்னது ராணுவம். ஒரே ஸ்பெசிஃபிகேஷனை ஐம்பது வெண்டருக்குக் கொடுத்தால் என்ன வரும் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பிழையும் இருந்தது. தோலுறைக்குள் வைத்து எடுக்கும்போது உறை உரசி, பாதுகாப்புப் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. ராணுவம் இதற்குச் செய்த மாற்றம், ஸ்லைடில் ஒரு சிறு குமிழ் ஆணி. அது உறையைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கும். முசேவின் துப்பாக்கியில் அந்த ஆணி இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பேட்ச் ஃபிக்ஸ்.

முசேவின் அப்பா புதுச்சேரியிலிருந்து அந்தப் போருக்குப் போனவர். எப்படி இதைக் கொண்டுவந்தார் என்று கேட்டால் முசே சிரிப்பார். இந்திய ஆட்சி வந்தபிறகு முறையாக லைசென்ஸ் எடுத்து, அப்பாவிடமிருந்து மகன் பெயருக்கு மாற்றியிருந்தார்கள். முசே வாழ்நாளில் அதைச் சுட்டது மொத்தம் நாலு தடவை. நாலாவது தடவை தென்னந்தோப்பில் குரங்கை விரட்ட. குரங்கு நகரவில்லை என்றார்.

*

இந்தியாவில் பழைய துப்பாக்கி வாங்குவது பழைய புல்லட் பைக் வாங்குவது போலக் கிடையாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி முதலில் எனக்கு லைசென்ஸ் வேண்டும். விற்பவர், விற்கப் போகிறேன் என்று எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. 1980களின் பாதியிலிருந்து தனியாட்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யவும் வழியில்லை. அதனால்தான் நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய வெப்லிகளும் பிரவுனிங்குகளும் லட்சங்களில் கைமாறுகின்றன. நல்ல இரும்பு என்பதற்காக அந்த விலை இல்லை. புதிதாக வராது என்பதற்காக.

தோட்டாதான் பெரிய கேள்வியாக இருக்கும் என்று நினைத்தேன். 1915 துப்பாக்கிக்கு இன்றைக்கு எங்கே போய்த் தோட்டா தேட? அந்தப் பதினொன்றும் எந்தக் காலத்தவை என்றே தெரியவில்லை.

தேடத் தொடங்கியதும் குழப்பம் வந்தது. 7.65 என்பது தோட்டாவின் அளவு, மில்லிமீட்டரில். ஆனால் அந்த எண்ணில் பல தோட்டாக்கள் உண்டு. பின்னாளில் பிரெஞ்சு ராணுவம் எடுத்துக்கொண்ட கைத்துப்பாக்கிக்கும் 7.65தான். ஆனால் அது நீளத் தோட்டா, கூடு கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். ரூபியின் கூடு 17. ஒன்று மற்றதில் போகாது. முசேவின் லைசென்ஸ் புத்தகத்திலோ 7.65 என்ற எண்ணே இல்லை. '.32' என்று மட்டும் இருந்தது. ஒரு அங்குலத்தில் நூற்றில் முப்பத்திரண்டு பங்கு. நம் ஊரில் .32 என்றால் ரிவால்வருக்கும் ஒரு தோட்டா உண்டு. அது வேறு, நீளமானது, அடியில் விளிம்பு கட்டியது.

சென்னையில் ஒரு கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "பிஸ்டலா ரிவால்வரா சார்?" என்றார். பிஸ்டல் என்றேன். "அப்ப ஏசிபி. கெடைக்கும். நம்ம ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போடுறதுதான். லைசென்ஸ் புக்கோட வாங்க, எவ்வளவு அனுமதியோ அவ்வளவு எழுதித் தருவேன்."

அவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியம். காரணம் பிறகு புரிந்தது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா போகும் துப்பாக்கிகளை, .38, .45, 9 மில்லிமீட்டர் போன்றவற்றை, இந்தியச் சட்டம் தடை செய்யப்பட்ட ரகம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அரசாங்கத்தின் தோட்டா குடிமக்கள் கைத்துப்பாக்கியில் நுழையக் கூடாது. மிஞ்சியவற்றில் ஒன்று .32. அதனால் அரசுத் தொழிற்சாலையே .32இல் அசானி என்ற பிஸ்டலைச் செய்து குடிமக்களுக்கு விற்கிறது. அதே தோட்டாதான் ரூபிக்கும். உலகில் பல இடங்களில் வழக்கொழிந்துகொண்டிருக்கும் ஒரு தோட்டா, ஒரு சட்டப் பிரிவின் காரணமாக இந்தியாவில் இன்னும் சுடச்சுடத் தயாராகிறது.

*

இந்தத் தோட்டாவை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர். 1899இல் வந்தது. பெல்ஜியத்தின் எஃப்என் ஆலை அதற்கென்றே ஒரு பிஸ்டல் செய்தது. மேகசினில் ஏழு தோட்டா, சட்டைப் பைக்குள் போகும். ரிவால்வர் போல நடுவில் உருளை புடைத்துக்கொண்டிருக்காது. ராணுவ அதிகாரிகள் வாங்கினார்கள். ராணுவத்தை எதிர்த்தவர்களும் வாங்கினார்கள். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஆன் ஜுங் கொன் இதோ ஹிரோபுமியைச் சுட்டது அந்த ரகத்தால்தான். அதே வருஷம் லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல்காரராக இருந்த சதுர்புஜ் அமீன், பெட்டியின் போலி அடித்தட்டில் இருபது பிரவுனிங்குகளையும் தோட்டாக்களையும் வைத்து பம்பாய்க்குக் கொண்டுவந்தார். டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார்.

அப்புறம் நம் ஊர். 1910இல் வ.வே.சு. ஐயர் மாறுவேஷத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதி 1908இலேயே வந்துவிட்டார். ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார். ஊருக்கு வெளியே கரடிக்குப்பத்தில் என்று எழுதியிருக்கிறார்கள். கருவடிக்குப்பம்தான் அது என்று முத்தியால்பேட்டைக்காரர்கள் சொல்வார்கள். அங்கே பயிற்சி எடுத்த ஒருவர் செங்கோட்டை வாஞ்சி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷை ரயில் பெட்டிக்குள் சுட்டுவிட்டு, பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன் வாயில் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். பாரிசிலிருந்து புதுச்சேரி வழியாக வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது.

வரைபடத்தைப் பார்த்தால் ஏன் புதுச்சேரி என்பது விளங்கும். பிரெஞ்சு நிலம் ஒரே துண்டாக இருந்ததில்லை. இப்போதும் இல்லை. முத்தியால்பேட்டை புதுச்சேரி. அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் வரைக்கும் தமிழ்நாடு. அப்புறம் எங்கள் பிள்ளைச்சாவடி, மறுபடி புதுச்சேரி. நான் படித்த பொறியியல் கல்லூரி அங்கேதான். நாலு வருஷம் டவுன் பஸ்ஸில் தினம் நாலு தடவை எல்லை தாண்டியிருக்கிறேன். சாராயக் கடை எங்கே நின்று எங்கே மறுபடி தொடங்குகிறது என்பதைத் தவிர எங்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது.

முசே கேட்டார்: "நீ இதை வாங்கினா பிள்ளைச்சாவடிக்கு எப்படிக் கொண்டுபோவ? புதுச்சேரின்னு மட்டும் லைசென்ஸ்ல போட்டா, நடுவுல தமிழ்நாடு இருக்கே."

லைசென்ஸில் எந்த நிலப்பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். அதைத் தாண்டிக் கொண்டுபோனால் குற்றம். பத்து கிலோமீட்டருக்குள், 1911இல் ஐயர் ஆட்களுக்கு இருந்த அதே பிரச்சினை.

*

வாஞ்சி என்றால் எனக்கு 2000ஆம் வருஷம். எட்டாம் வகுப்பு. சுதந்திர தின நாடகத்தில் நான்தான் வாஞ்சி. அட்டையில் வெட்டிக் கறுப்பு அடித்த பிஸ்டல். சுடும்போது மேடைக்குப் பின்னால் ஒருவன் பொட்டுவெடியைக் கல்லால் தட்டுவான். இரண்டாவது குண்டு என் வாயில். விழ வேண்டும். விழுந்து விழுந்து முழங்கை தேய்ந்துபோயிருந்தது.

தாத்தா வரவில்லை. அம்மா, பாட்டி, மாமா எல்லாரும் முன்வரிசையில். தாத்தா வீட்டிலேயே இருந்துகொண்டார். கால் வலி என்றார். அன்று சாயந்திரம் அவர் கடற்கரையில் நடந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர். காலில் அடிபட்டு, பென்ஷனுக்கான வருஷம் முடியாமல் திரும்பிவிட்டார். 1962இல் எந்த நாட்டுக்காரனாக இருக்கப்போகிறாய் என்று தேர்வு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். அவர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் இந்தியர் ஆனார். எழுதிக் கொடுத்தவர்களின் பேரன்கள் இன்று பிரான்ஸில் இருக்கிறார்கள். நான் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன்.

நாடகத்துக்கு வராததற்கு அதுதான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவர், வெள்ளைக்காரனைச் சுட்டவன் கதையைப் பார்க்கக் கூச்சப்பட்டார் என்று. பதின்மூன்று வயதில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் வெறுப்பும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

*

லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, வருமான வரிக் காகிதம். விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது தெருவே வந்தது. என்னைப் பற்றிக் கேட்டதில் பக்கத்து வீட்டு அக்கா, "ராத்திரியெல்லாம் தனியாப் பேசிக்கிட்டு இருப்பான் சார்" என்றார். அமெரிக்கக் காலில் இருப்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அம்மா ஒரே வரியில் முடித்தார். "கடல் வந்து வாசல்ல நிக்குது, உனக்குத் துப்பாக்கி கேக்குதா?" தப்பில்லை. துறைமுகத்துக்குக் கல் கரை கட்டியதிலிருந்து வடக்கே மணல் வருவது குறைந்து, எங்கள் ஊரில் கடல் வீடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வாங்கலாம். பெட்டியை வைக்கிற வீடு நிற்குமா?

நேர்காணலில் இருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார்.

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"பயிர் பாதுகாப்பு?"

"நிலம் இல்ல சார்."

"ரைபிள் கிளப் மெம்பரா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குத் தம்பி?"

முதல் உலகப் போர், எய்பார், குமிழ் ஆணி என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷம் கேட்டார். பிறகு, "நல்லாப் பேசுறீங்க. ஆனா இதுல நான் எழுதுறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க" என்றார்.

என்னிடம் இல்லை. பழைய கேமரா மாதிரி, பழைய ரேடியோ மாதிரி, அழகாக இருக்கிறது என்பது மட்டும்தான் இருந்தது. அது ஒரு ஆளைக் கொல்வதற்காகச் செய்யப்பட்ட பொருள் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதம் கழித்து மறுப்பு வந்தது. மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு. செய்யவில்லை.

*

2022 மார்ச்சில், துப்பாக்கியைச் சென்னைக் கடைக்காரரிடமே ஒப்படைத்துவிட முசே முடிவு செய்தார். கொண்டுபோவதற்கான அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் வந்ததும் அவராகவே பேசினார்.

"ஒங்க தாத்தன் நாடகத்துக்கு வரலைன்னு கோவிச்சுக்கிட்டியாமே அப்ப."

"கால் வலின்னாரு."

"கால் வலி இல்ல. அதுக்கு முந்தின மாசம் ஏதோ பத்திரிகையில வாஞ்சி லெட்டரைப் போட்டிருந்தான். அவனுக்குத் தமிழ் படிக்கச் சரியா வராது, பட்டாளத்துல கத்துக்கிட்ட பிரெஞ்சுதான். பேரன் வேஷம் கட்டப்போறான், படிச்சுச் சொல்லுன்னு எங்கிட்ட கொண்டாந்தான்."

அந்தக் கடிதம் வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்தது. நாடகத்தில் அதில் பாதியைத்தான் எனக்கு வசனமாகக் கொடுத்தார்கள். முழுதையும் பிற்பாடு படித்திருக்கிறேன். சனாதன தர்மத்தைக் காப்பது பற்றிப் பேசுகிறது. முடிசூடவிருந்த அரசனை மாட்டிறைச்சி தின்கிற மிலேச்சன் என்கிறது. ஐந்தாம் ஜார்ஜை 'ஜார்ஜ் பஞ்சமன்' என்கிறது.

"நான் படிச்சேன்," என்றார் முசே. "மாட்டுக்கறி வந்ததும் நிறுத்தச் சொன்னான். அப்புறம் பஞ்சமன்னா என்னன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அஞ்சாவது ஆள்னு சொன்னேன். ஜார்ஜ் தெ ஃபிஃப்த். சமஸ்கிருதம்னு."

கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானான்னு கேட்டான். அவ்வளவுதான்டான்னேன். சிரிச்சான். வாத்தியார் நீ, உனக்குத் தெரியாதான்னு சொல்லிட்டு எழுந்து போய்ட்டான்."

எங்கள் வீடு சேரியிலிருந்து வந்த வீடு. முசேவின் வீடு அப்படியில்லை. தாத்தாவை அந்தச் சொல்லால் கூப்பிட்ட காகிதங்களும் ஆட்களும் இருந்த ஊரில்தான் அவர் பிறந்தார். அதிலிருந்து தப்பிக்கத்தான் இருபது வயதில் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். நாற்பது வருஷ சிநேகிதத்தில் முசேவும் தாத்தாவும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை என்றார் முசே. பேச ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. அன்றைக்கு அவர் அகராதியின் பாதியைச் சொன்னார்.

வாஞ்சியின் துணிச்சலை நான் குறைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர் எந்தப் பொருளை நினைத்தார் என்று யாரிடமும் கேட்க முடியாது. ஐயரின் பிற்கால வாழ்க்கையும் ஞாபகத்துக்கு வந்தது. 1922இல் சேரன்மாதேவியில் அவர் குருகுலம் தொடங்கினார். பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதில் அது பெரும் சண்டையானது. 1925 ஜூனில் பாபநாசத்தில் அருவிக்குப் போன இடத்தில், நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்தார். இந்த ஆட்களை ஒரே வரியில் முடிக்க முடியவில்லை. பதின்மூன்று வயதில் முடிந்தது.

கடையில் துப்பாக்கியைத் திறந்து, குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மேகசினின் குறியெழுத்தும் சட்டத்தின் குறியெழுத்தும் ஒன்றாக இருந்தன. கடைக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"வாங்க ஆள் இருக்காங்க ஐயா. ரவை கெடைக்கிற துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. ரவை இல்லாட்டா இது பேப்பர் வெயிட்."

தோட்டாக்களை எண்ணினார். பதினொன்று. லைசென்ஸ் புத்தகத்தில் எழுதி, முத்திரை வைத்து, முசேவிடம் ரசீது கொடுத்தார்.

திரும்பி வரும்போது முசேவை முத்தியால்பேட்டையில் இறக்காமல், என்னோடு பிள்ளைச்சாவடிக்குக் கூட்டிப்போனேன். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு முசே வாசலில் நாற்காலி போட்டு, கல் கொட்டியிருந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அம்மாவிடம், "ஒங்கப்பன் எங்கிட்ட ஒண்ணு கேட்டாம்மா, நான் சரியாச் சொல்லல" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதெல்லாம் அப்பா மனசுல வச்சுக்கிற ஆள் இல்ல முசே" என்றார்.

முசே மறுத்துப் பேசவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கோட்டக்குப்பம் தாண்டும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.